றோஸ்டேல் என்றொரு தொகுதி

லண்டன் லெஸ்டர் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நூலகத்தின் மேல்மாடியில், வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பரப்பி வைக்கும் நீள மேசையில் இருந்து, பத்மநாதன் ஒரு தொகுதி செத்துப்போன செய்தியை வாசித்தார். 1997 மே முதலாம் திகதி, வியாழக்கிழமை. டொரண்டோப் பத்திரிகை வழமைபோலச் சில நாள் பழசு. கனடாவில் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்களாம், ஜூனில் தேர்தலாம், புதிதாக வகுத்த எல்லைகளின்படி நடக்கப்போகும் முதல் தேர்தலாம். உள்பக்கத்தில் ஒரு மெத்தை விளம்பரத்துக்கு மேலே, இத்தோடு இல்லாமல் போகிற தொகுதிகளைப் பற்றிச் சிறுகுறிப்பு ஒன்று இருந்தது. அதில் றோஸ்டேலும் ஒன்று. முப்பதுகளில் உண்டாகி அறுபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்த தொகுதி. எல்லையை அங்கே இழுத்து இங்கே வெட்டி, முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்து, வேறு தொகுதி ஆக்கிவிட்டார்கள். புதிய பெயரின் வாலில் றோஸ்டேல் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பழைய தொகுதி பழைய தொகுதிதான். அது இனி இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குதிரைப் பந்தயப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நித்திரை. நூலகப் பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். லண்டன் முழுவதும் அன்று தேர்தல் நாள், ஊரே வேறொரு அரசாங்கத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், கடல் கடந்து எங்கோ ஒரு தொகுதியின் பெயர் அழிந்ததற்குத் துக்கம் விசாரிக்கவோ சந்தோஷம் கொண்டாடவோ யாருக்கு நேரம் இருக்கிறது? செத்த வீட்டுக்குப் போக வேண்டிய ஒரே சொந்தக்காரர் அவர்தான். உண்மையைச் சொன்னால் அவருக்கு வந்தது துக்கமல்ல, பெரிய ஆறுதல்.

பத்மநாதனுக்கும் றோஸ்டேலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், கொஞ்சம் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். அந்தத் தேர்தல் நாளில் மனிதருக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்யவில்லை. தென் லண்டன் டூட்டிங்கில் பியற்றிஸ் என்ற மன்னார்ப் பெண்மணியின் வீட்டு மாடியில் ஓர் அறை. மோர்டன் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் காலை ஷிப்ட். கணக்கியல் படிக்கவென்று 1974இல் வந்தவர், கடைசிச் சோதனையை நான்கு தரம் எழுதிவிட்டு, எழுதுவதை ஒருநாள் பேசாமல் நிறுத்திக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் தேர்தல். யாழ்ப்பாணத்தில் மீசை அரும்பத் தொடங்கிய வயதிலேயே வாக்குச்சாவடி முகவராகப் போய் இருந்தவர். லண்டனுக்கு வந்த புதிதில் கவுன்சிலில் இருந்து வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. கொமன்வெல்த் நாட்டவரும் வாக்காளராகப் பதியலாம் என்று அதில் இருந்ததைக் கண்டு, எழுத்துக்கெழுத்து மூன்று தரம் வாசித்துப் பார்த்தார். இலங்கைப் பாஸ்போட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு அரசாங்கம் அமைக்கலாம்! அதற்குப் பிறகு எந்தத் தேர்தலையும் அவர் விட்டதில்லை. கவுன்சில் தேர்தல், ஐரோப்பியத் தேர்தல், ஒன்றையும் விட்டதில்லை. வாக்குத்தான் இருக்கிறதே என்ற தெம்பில் பிரித்தானியப் பிரஜையாகும் அலுவலை வருடா வருடம் தள்ளிப்போட்டார். அந்தச் சோம்பல் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிறகு வரும்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு காரணம் இருந்தது. அதை அவர் எவருக்கும் சொன்னதில்லை. பெற்றோல் செட்டில் அவர் வெறும் 'பாட்'. பியற்றிஸ் அக்காவுக்குத் தம்பி. உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்தில், டாக்டரிடத்தில், எங்கே போனாலும் அவருடைய பெயரைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார்கள். வாக்குச்சாவடியில் மட்டும், மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் வாக்காளர் பட்டியலின்மேல் அடிமட்டத்தை வரிவரியாக இறக்கிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, 'செல்லத்துரை பத்மநாதன்' என்று முழுப் பெயரையும் உரத்து வாசிப்பாள். நாக்கு இடறும், எழுத்து முறியும், ஆனாலும் முடிக்காமல் விடமாட்டாள். அந்தப் பெயரில் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்று ஒரு மண்டபம் கேட்க ஒருத்தி சொல்வதைக் கேட்கத்தான் அவர் போனார்.

அவருக்கு ஒரே தங்கச்சி. கலாவதி. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது அவள் இரட்டைப் பின்னலும் பள்ளிக்கூடச் சீருடையுமாக ரயில் நிலையத்தில் நின்றாள். அதற்குப் பிறகு அவளை அவர் காணவில்லை. அவளுடைய கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. எண்பத்தாறில் அவளும் புருஷன் கனகலிங்கமும் கைக்குழந்தையோடு கனடாவுக்குப் போய் இறங்கியதையும் தொலைபேசியில்தான் கேட்டார். டொரண்டோவில் மாடிக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் சென்ற் ஜேம்ஸ் டவுணில் ஒரு வீடு, அகதி வழக்கு நிலுவையில். போய்ப் பார்க்கலாம் என்று பத்மநாதன் விசா கேட்டார். இலங்கைப் பாஸ்போட், தனி ஆள், போனால் திரும்பமாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ, இல்லை என்றுவிட்டார்கள்.

போக முடியாத இடத்தைப் பற்றி அறிந்தாவது வைப்போம் என்று தொடங்கியதுதான் இந்த நூலக யாத்திரை. மற்ற அண்ணன்மார் தங்கச்சி இருக்கும் ஊரில் என்ன குளிர், என்ன விலை என்று விசாரிப்பார்கள். இவர், அவள் எந்தத் தொகுதி என்று விசாரித்தார். றோஸ்டேல். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு மத்தியானம் நோர்தேர்ண் லைன் ரயில் பிடித்து இங்கே வந்து, பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கிண்டினார். பள்ளத்தாக்குக்கு வடக்கே மரங்களுக்குள் பணக்காரரின் மாளிகைகள், தெற்கே வாடகைக்கு இருப்போரின் கோபுர வீடுகள், இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டிய தொகுதி அது. நிதி மந்திரியாக இருந்த ஒருவரை அனுப்பியிருக்கிறது, நகரத்தின் முன்னாள் மேயரை அனுப்பியிருக்கிறது, ஒரு கட்சிக்கும் நிரந்தர அடிமையாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலாவதிக்குத் தொலைபேசி எடுத்து இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லுவார்.

“அண்ணை, நான் இஞ்சை கீழ்க் கடையிலை பால் வாங்கிறதுக்கே வழி தெரியாமல் நிக்கிறன். நீங்கள் அம்பது வருசத்துக்கு முந்தி ஆர் வெண்டது எண்டு சொல்லுறியள்.” அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்கு அடுத்த ஞாயிறு வரை போதும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, இலை உதிர்காலத்தில், அவளே எடுத்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

“அண்ணை, ரெண்டு பொம்பிளையள் பேப்பரோடை வாசல்லை நிக்கினம். எலெக்சனுக்கு வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை பேர் எழுதினமாம். என்ன சொல்ல?”

அந்த நாட்டில் அப்போது வழமை அது. தேர்தல் வந்தால் இருவர் இருவராக வீடு வீடாகப் போய்ப் பெயர் பதிவார்கள். பத்மநாதனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அவர் வாசித்த தடித்த புத்தகத்தில், பிரித்தானியக் குடிகளுக்கு அங்கே வாக்குண்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. புத்தகம் அறுபதுகளில் அச்சானது என்பதையோ, அந்த வழக்கத்தை எழுபதுகளிலேயே எடுத்துவிட்டார்கள் என்பதையோ அவர் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்? டூட்டிங்கில் அவரே பதினான்கு வருடமாகப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.

“குடு பிள்ளை, பேரைக் குடு! நாங்கள் கொமன்வெல்த் ஆக்கள். அங்கையும் இஞ்சையும் ஒரே ராணிதானே.”

“இவர் வேலைக்குப் போயிட்டார். கேட்டிட்டுச் சொல்லட்டோ?”

“அவரைக் கேக்க என்ன இருக்கு? எலெக்சன் விஷயத்திலை என்னட்டைக் கேள்.”

அவள் பெயரைக் கொடுத்தாள். தேர்தலன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ்மாடி மண்டபத்துக்குப் போய், வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வந்து, கோட்டைக் கழற்றாமலே தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு மூச்சிரைத்தது.

“அண்ணை, என்ரை பேரை முழுசா வாசிச்சவை. கலாவதி கனகலிங்கம் எண்டு. இந்த நாட்டுக்கு வந்து ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை.”

தனக்கு மட்டும் என்று நினைத்திருந்த பைத்தியம் தங்கச்சிக்கும் இருக்கிறது. இரத்தம் என்றால் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது போல உணர்ந்த கடைசி நாள் அதுதான்.

அடுத்த கிழமை முடிவுகளை நூலகத்தில் பார்த்தார். றோஸ்டேலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் நூறு வாக்குக்கூட வித்தியாசம் இல்லை. இதைச் சொல்லாமல் ஞாயிறு வரை பொறுக்க அவரால் ஏலவில்லை. எடுத்தார். கனகலிங்கம்தான் எடுத்தது.

“கனகு, கேட்டீரே புதினம்? நூறு வாக்குக்குள்ளைதான் வித்தியாசம்! எங்கடை கலாவின்ரை வாக்கும் அதுக்குள்ளை…”

அன்றுதான் பாக்டரியில் யாரோ சொல்லி, பிரஜைகளைத் தவிர வேறு ஆட்கள் வாக்குப் போடுவது அங்கே குற்றம் என்று கனகலிங்கம் கேள்விப்பட்டிருந்தான். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. இவ்வளவு நெருக்கம் என்றால் திருப்பி எண்ணுவார்கள், ஒவ்வொரு பெயராகப் பிடிப்பார்கள் என்று அவன் பயந்துகொண்டிருந்த நேரம் அது.

“அண்ணை, உங்கடை படிப்பை உங்களோடை வைச்சிருங்கோ,” என்றான். “பிடிச்சுத் திருப்பி அனுப்பினா கொழும்பு எயாப்போட்டிலை என்னைத்தான் கொண்டுபோவாங்கள். உங்களை இல்லை. உங்களுக்கு அங்கை பிள்ளையோ குட்டியோ?”

வைத்துவிட்டான். கடைசி வசனம்தான் பத்மநாதனை அதிகம் சுட்டது.

இரண்டு நாள் கழித்துக் கலாவதி பேசினாள். “அண்ணை, கொஞ்ச நாளைக்கு நீங்கள் எடுக்காதேங்கோ. கடிதமும் வேண்டாம். நானே எடுக்கிறன்.” முதலில் மாதத்துக்கு ஒரு தரம் எடுத்தாள். பிறகு தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் என்றானது. ‘சுகமா இருக்கிறியளோ, சாப்பாடெல்லாம் எப்பிடி’ என்று இரண்டு நிமிடம். கேஸ் சரிவந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னாள். பிரஜாவுரிமை எடுக்கவில்லையா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. எப்படி எடுப்பாள்? ஏதாவது குற்றம் செய்திருக்கிறாயா என்று அதில் கேட்பார்கள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. பிரஜையானால் விசா இல்லாமல் லண்டனுக்கு வரலாம், ஆகவில்லை, அதனால் வரவில்லை. எல்லாம் அந்த ஒரு புள்ளடியால். அந்தப் புள்ளடியைப் போடச் சொன்னது யார்? இப்படியே அவர் தனக்குள் வழக்கு நடத்தித் தானே தீர்ப்பும் எழுதி, ஒன்பது வருடம் சிறையும் இருந்தார். நூலகத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. றோஸ்டேலில் ஒரு பாலம் திருத்தினால் இவருக்குத் தெரியும். கலாவதியின் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யாமல் கிடந்ததைக்கூட வாசித்து, பிள்ளையோடு எப்படி ஏறி இறங்குகிறாளோ என்று கவலைப்பட்டார். போன தீபாவளிக்கு அவள் எடுக்கவில்லை. இந்தச் சித்திரைக்கும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், றோஸ்டேல் செத்துவிட்டது என்ற செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும்? தொகுதியே இல்லையென்றால் அந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பு எங்கே? இடாப்பு இல்லையென்றால் குற்றம் எங்கே? சட்டம் அப்படி வேலை செய்யுமா என்று அவர் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லைதான். ஆனாலும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பியபோது அவருடைய நடையில் ஒரு அவசரம் வந்திருந்தது. எடுக்காதேங்கோ என்று அவள் சொன்னதற்கான காரணமே போய்விட்டது. இனி எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது பியற்றிஸ் அக்கா வாசல் நடையில் கால் துடைப்பானை உதறிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, இண்டைக்குக் காலமையே போய்ப் போட்டிருப்பீர் எண்டு நினைச்சன். உம்மடை பெருநாள் அல்லே?”

“பின்னேரம் போறன் அக்கா. ஒரு போன் எடுக்கவேணும். கனடாவுக்கு.”

பியற்றிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதர் கனடாவுக்கு எடுத்து எத்தனை காலம் என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும். ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மரியாதைக்காகவே பத்மநாதன் வேறு அறை தேடாமல் இருந்தார்.

இலக்கம் மனப்பாடம். நடையில் தொலைபேசி வைத்திருந்த மேசையில் அன்று கொண்டுபோக வேண்டிய வாக்காளர் அட்டையும் ஒரு நீலப் பேனையும் கிடந்தன. மணி மூன்று தரம் அடித்தது. ஒரு ஆண்குரல். கனகலிங்கம் இல்லை.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

“கலாவதி நிக்கிறாவோ?”

“கலாவதி அக்காவோ? அவை இஞ்சை இல்லையே. மார்க்கம் ரவுணிலை வீடு வாங்கிப் போய் நாலு வருசமாச்சு. போன் லைனோடை அப்பாட்மென்ற எங்களிட்டைத் தந்திட்டுப் போனவை. நான் கல்யாணசுந்தரம். நீங்கள் ஆர்?”

பத்மநாதன் வாயைத் திறந்தார். அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சி வீடு மாறி நாலு வருடம் என்பது தெரியாத அண்ணன் என்று அந்த முன்பின் தெரியாத மனிதர் நினைப்பாரே.

“நான்… ஊர்க்காரன். லண்டனிலை இருந்து.”

“அப்பிடியே! பொறுங்கோ, புது நம்பர் தாறன். எழுதுறியளோ?” நல்ல மனிதர். இரண்டு தரம் திருப்பிச் சொன்னார். பத்மநாதன் கைக்கு அகப்பட்ட வாக்காளர் அட்டையின் பின்புறத்தில் எழுதினார். டொரண்டோ நகரத்துக்குரிய தொலைபேசிக் குறியீடுகூட இல்லை, வேறு குறியீடு. மார்க்கம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். வரைபடத்தில் றோஸ்டேலின் எல்லையிலிருந்து வெகுதூரம் வடக்கே. நாலு வருடமாக அவர் வாசித்த பாலமும் லிப்டும் தெருச் சண்டையும் யாரோ கல்யாணசுந்தரத்தின் வீட்டுச் செய்தி.

உடனே புதிய இலக்கத்தை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்தால் அழுத்தமாட்டார் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“ஹலோ?” ஆங்கிலத்தில் வந்தது. குரல் தடித்திருந்தது.

“கலா. நான் அண்ணை.”

“அண்ணையோ?” ஒரு மூச்சு. “ஆர் நம்பர் தந்தது?”

கேட்டபிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போல. சுகமோ, ஏதும் வருத்தமோ என்று அடுக்கினாள். அவர் அதை வெட்டி, சொல்ல வந்ததைச் சொன்னார். றோஸ்டேலை எடுத்துவிட்டார்கள், புது எல்லை, புதுப் பெயர், பழைய பதிவுகளை இனி எவரும் கிண்டமாட்டார்கள். “நீ இனிப் பயப்பிடத் தேவையில்லை பிள்ளை. துணிஞ்சு சிற்றிசனுக்குப் போடு.”

“எதுக்கு அண்ணை பயம்?”

“அந்த… எண்பத்தெட்டிலை போட்ட வாக்கு.”

அவள் யோசித்தாள். அவள் யோசிக்க வேண்டியிருந்தது என்பதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஐயோ அண்ணை! அதை இன்னும் வைச்சுக்கொண்டே இருக்கிறியள்?” சிரித்தாள். பழைய சிரிப்புத்தான், கெட்ட சிரிப்பு இல்லை. “முதல்லை பயந்ததுதான். ஆரும் கதவு தட்டினா பிள்ளையையும் கொண்டு பாத்ரூமுக்குள்ளை போய் நிண்டனான். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்கள் சிற்றிசன் எடுத்து மூண்டு வருசம். இவர் அதெல்லாம் எப்பவோ மறந்திட்டார்.”

கனகலிங்கம் கோபத்தில் இல்லை. இவள் பயத்தில் இல்லை. அந்தப் புள்ளடியைக் கனடாவில் எவரும் தேடவில்லை. டூட்டிங்கில் ஒரு வீட்டு நடையில் நிற்கும் ஒருவர்தான் அதைக் காவிக்கொண்டு திரிந்தார்.

“அப்ப ஏன் பிள்ளை…”

பின்னால் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை ஆங்கிலத்தில் எதையோ கேட்டது, இவள் றிசீவரைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“எடுப்பம் எடுப்பம் எண்டுதான் அண்ணை. ரெண்டு பேருக்கும் ரெண்டு ஷிப்ட். வீடு வாங்கினதைச் சொல்லேல்லை, பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு சிற்றிசன் எடுத்ததையும் சொல்லேல்லை. ஒண்டைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லவேணும். எடுக்காமல் விட்ட வெக்கத்திலேயே எடுக்காமல் விட்டிட்டன்.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்கள் கோவிக்கிறியள்.”

“இல்லைப் பிள்ளை.”

“அங்கையும் இண்டைக்கு எலெக்சனாம், ரீவியிலை சொன்னவை. நீங்கள் போட்டிருப்பியள்.”

“இனித்தான்.”

“இன்னும் போடேல்லையே? போங்கோ, போய்ப் போடுங்கோ. நான் வாற ஞாயிறு கட்டாயம் எடுக்கிறன். இந்த நம்பரை எழுதி வைச்சிருக்கிறியள்தானே?”

“ஓம்.”

வேலைக்கு நேரமாகிறது என்றாள். வைத்தாள்.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மே மாதத்து நீண்ட மாலை, வெயில் இன்னும் கூரைகளில் கிடந்தது. அப்பர் டூட்டிங் றோட்டில் மரக்கறிக் கடைக்காரர் வாழைப்பழச் சீப்புகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். பத்மநாதனுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம் அவள்மேல் அல்ல. குற்றவாளியாக இருந்த காலமெல்லாம் அவள் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற ஒரு சுகமும் கூடவே இருந்ததல்லவா, அதையும் இப்போது பறித்துக்கொண்டார்கள். வாற ஞாயிறு! வாற ஞாயிறு எடுக்க மாட்டாள். அவருக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. இனி நானும் எடுக்கப் போவதில்லை என்று நடந்துகொண்டே முடிவு செய்தார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் இருந்தது. வழமைபோல மர மேசை, வழமைபோல அடிமட்டம். இம்முறை ஒரு இளம் பெண், நகத்தில் பச்சைப் பூச்சு. அட்டையை வாங்கி, வரிகளில் இறங்கி, நிறுத்தி வாசித்தாள். செல்லத்துரை என்ற இடத்தில் திணறினாள், பத்மநாதனை ஐந்தாக உடைத்தாள், ஆனாலும் முடித்தாள். அவர் ஒன்றும் உணரவில்லை. மறைப்புக்குள் போய், கயிற்றில் கட்டிய பென்சிலால் புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தார். வாசலில் யாரோ கட்சிக்காரர் சிரித்தார். இவரும் சிரித்து வைத்தார்.

பஸ் தரிப்பிடம் வரை வந்து, பழக்கத்தில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபோதுதான் அட்டை அங்கே இல்லை என்பது உறைத்தது. அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். இலக்கம் அதன் முதுகில்.

போகட்டும் என்று நினைத்தார். எடுக்கப் போவதில்லை என்றுதானே முடிவு செய்தது. அவசியமென்றால் கல்யாணசுந்தரத்திடம் திரும்பவும் கேட்கலாம், ஆனால் எந்த முகத்தோடு? ஊர்க்காரன் என்று சொன்ன வாயால், கிடைத்த நம்பரை அன்றைக்கே தொலைத்துவிட்டேன் என்று சொல்வதா? நினைவிலிருந்து அதைச் சொல்லிப் பார்த்தார். நடுவில் இரண்டு எண்கள் பிடிபடவில்லை. பழைய இலக்கம்தான் முன்னால் வந்து நின்றது. ஒரு பஸ் வந்து, கதவைத் திறந்து, சாரதி அவரைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார். அவள் பாத்ரூமுக்குள் பிள்ளையோடு நின்றதை நினைத்தார். எடுக்காமல் விட்ட வெட்கத்தில் எடுக்காமல் விட்டது அவள் மட்டும்தானா என்றும் நினைத்தார். பிறகு திரும்பி, வயதுக்கு மீறிய வேகத்தில் நடந்தார்.

பச்சை நகப் பெண் அவரை அடையாளம் கண்டாள். நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களே ஐயா என்றாள். அட்டை வேண்டும் என்றார் அவர். அது இனி ஒன்றுக்கும் உதவாது என்று அவள் விளக்கினாள். பின்புறத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது, என் தங்கச்சியுடையது என்று அவர் சொன்னார். தங்கச்சி என்று ஆங்கிலத்தில் சொல்ல அவருக்கு ஒரு கணம் எடுத்தது. அவள் பக்கத்திலிருந்த மூத்த அலுவலரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

மேசைக்குக் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அன்றைய அட்டைகள். அவள் அதைத் தூக்கி மேசையின் ஓரத்தில் கவிழ்த்தாள். உங்கள் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். வரிசையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, அவள் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயரை உரத்து வாசித்து, ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கத் தொடங்கினாள். பத்மநாதன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்று, தன் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.